ஆளில்லாத ஸ்டூலின் சூடு

ஸ்டூல் சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி. சைகோனில் அந்த நேரத்தில் தெருநாய்கூட நடமாடாது. பென் தான் என்ற பெரிய சந்தையின் வியாபாரிகள் கூடைகளை மூடிவிட்டு அங்கேயே தரையில் சாய்ந்துவிடுவார்கள். பிரெஞ்சுக்காரன் ஊரைவிட்டுப் போனாலும் அவன் பழக்கிவிட்ட சியெஸ்த், அந்த மதியத் தூக்கம், போகவில்லை. மூன்று மணிக்கு எங்கள் குழு வாசிக்கும் மண்டபத்தில் தேநீர் நடனம். ஊரடங்கு இருந்த காலம் அது. அதனால் ஆட்டமெல்லாம் பகலில்தான்.

நான் சிம்பல்களைத் துடைத்து வைக்க முன்கூட்டியே போய்விடுவேன். மண்டபத்தைப் பார்த்துக்கொண்ட சவரி அண்ணன் சாவிக்கொத்தை ஒரு பாட்டம் குலுக்கிவிட்டுப் பூட்டைத் திறந்தார். உள்ளே ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. பழைய சிகரெட் வாடையும் தரைமெழுகு வாடையும் கலந்து நின்றன. மேடையேறி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் உடனே துள்ளி எழுந்தேன்.

கையை வைத்துப் பார்த்தேன். யாரோ நெடுநேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போன சூடு. ஸ்டூலின் திருகு வேறு இரண்டு சுற்று இறங்கியிருந்தது. நான் கொக்கு மாதிரி வளர்ந்தவன். ஸ்டூலை ஏற்றுவேனே தவிர இறக்க மாட்டேன்.

அந்த உயரத்தில் உட்கார்ந்து வாசித்தவன் ஒருவன்தான். அவன் பெயர் ஹுங். அவன் வீட்டில் அவனுடைய படத்துக்கு ஊதுபத்தி ஏற்றத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நாலாவது தட்டு

இந்தத் தொடரில் ஹுங் இதுவரை வரவில்லை. வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். அமெரிக்கக் கிளப்புகளில் வாசித்த கதைகளைப் படித்துவிட்டு, "உங்கள் வாழ்க்கையே ஒரே கும்மாளம்தான் போலிருக்கிறது" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கும்மாளம் இருந்தது. அது மட்டும் இல்லை.

அந்த மண்டபத்தின் டிரம்ஸ்காரன் ஹுங். என்னைவிட மூன்று வயது மூத்தவன். நாங்கள் காரைக்கால் குடும்பம். அப்பா பிரெஞ்சு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி வைத்திருந்தார். அந்த ஒரு காகிதத்தின் புண்ணியத்தில் வியட்நாம் ராணுவம் என்னைக் கூப்பிடவில்லை. ஹுங்கைக் கூப்பிட்டது. அவன் ஸ்டூல் எனக்கு வந்தது. எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் விஷயம் இதுதான்.

பாட்டு தொடங்கும் முன் டிரம்ஸ்காரன் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தட்டி நாலு எண்ணுவான். அதன்பிறகு எல்லோரும் சேர்ந்து எடுப்பார்கள். ஊருலகத்தில் அதுதான் வழக்கம். ஹுங் மூன்றுதான் தட்டுவான். டக், டக், டக். நாலாவது இடத்தில் சத்தமே இருக்காது. அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் மூச்சை இழுப்போம். "நாலாவது ஆடுறவங்க காலுக்கு. அதை நான் எடுத்துக்கிட்டா அவங்க எதுல கிளம்புவாங்க?" என்பான்.

அவன் வியட்நாமியத்தில்தான் சொன்னான். எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவனை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தார். ஒரே ஒரு கரண்டி. கண், மூக்கு எல்லாம் ஒழுக, அவன் கூஜாவைத் தூக்கி அப்படியே குடித்தான். "அடப் பாவமே, இந்தப் புள்ளைக்கு முட்டைய அவிச்சுக் குடுடா" என்று அம்மா பதறினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஹுங் வந்தால் அவித்த முட்டைதான்.

பட்டாளத்துக்குப் போகும் அன்று ஸ்டூலைத் தட்டிக் காட்டி, "இதை ஏத்தாதே. வந்து திரும்ப இறக்க எனக்குச் சோம்பல்" என்றான். அவன் போன அந்த வாரமே ஏற்றினேன். முழங்கால் வலித்தது, என்ன செய்ய?

ஒரு வருடம் கழித்து அவன் அம்மாவுக்கு ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. காணவில்லை என்று ஒரு வரி.

தீர்த்தமும் ஊதுபத்தியும்

அடுத்த ஞாயிறும் ஸ்டூல் சூடாக இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும். டிரம்ஸின் தோலில் கை வைத்தால் ஈரம். ஒருநாள் சிம்பலில் ஐந்து விரல் பதிந்திருந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன். அது சின்னக் கை.

குழுவில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாக்ஸபோன்காரர் பேசாமல் ஒரு கண்ணாடித் தம்ளரில் அரிசி போட்டு, ஊதுபத்தி குத்தி, பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தார். நான் வேதக்காரன், கிறிஸ்தவன் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? மாதா கோயிலில் இருந்து ஒரு புட்டி தீர்த்தம் கொண்டுவந்து ஸ்டூல் மேல் தெளித்தேன். திருகு துருப்பிடித்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு மதியம், தனியாக உட்கார்ந்து தோலை இறுக்கிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே, மேடைக் கூரையின் பலகைக்குப் பின்னால் கேட்டது.

டக், டக், டக்.

நாலாவதுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

பேய்க்கு ஒரு பாட்டு

அந்த நாட்களில் நான் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கவும் செய்தேன். ஒரு பல் டாக்டர், தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த அக்கா தங்கை இருவர். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று தலையணையில் தட்டித்தான் பாடம். அந்த வாரம் என்னையறியாமல் மூன்று தட்டிவிட்டு நிறுத்தினேன். "நாலு எங்கே மொசியே?" என்று பல் டாக்டர் கேட்டார். எனக்கே தெரியவில்லை.

வானொலிக்காகப் பாட்டில்லாத ஒரு இசைத்துண்டு வேண்டும் என்று எங்கள் குழுத்தலைவர் கேட்டிருந்தார். நான் அமைத்த முதல் இசை அது. மூன்று தட்டு, ஒரு வெறுமை, பிறகு சாக்ஸபோன். துண்டு முழுக்க அந்த வெறுமை திரும்பத் திரும்ப வரும். பேய்க்கு ஓர் இடம் விட்டுக்கொடுத்தால் என்னை நிம்மதியாக விட்டுவிடும் என்று ஒரு கணக்கு. நன்றாக வந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

பதிவு செய்யும்போது தொடக்க எண்ணிக்கையை வெட்டிவிடுவார்கள். நான்தான் கெஞ்சி அதை வைக்கச் சொன்னேன். சவரி அண்ணன்தான் எங்கள் ஒலிப்பதிவுக்காரரும். புதுச்சேரிக்காரர், பழைய பிரெஞ்சு சொல்தா, அதாவது சிப்பாய். ஒலிநாடாவைச் சுற்றிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இத வெட்டிடலாமே தம்பி. யாராவது அடையாளம் கண்டுக்கப் போறாங்க."

"கண்டுக்கட்டுமே. அவன் நினைவா இருக்கட்டும்ணே."

அவர் நாடாவைப் பெட்டியில் வைத்து மூடினார். உள்ளதைச் சொல்லியிருக்கலாம்.

குலுக்காத சாவி

நாடா வானொலிக்குப் போய் நாலு நாள் இருக்கும். குச்சிகளை மண்டபத்தில் மறந்துவிட்டிருந்தேன். மதியம் எடுக்கப் போனால் சவரி அண்ணன் இல்லை. சாவி மாட்டும் ஆணி எனக்குத் தெரியும். எடுத்துத் திறந்தேன். அவர் மாதிரிக் கொத்தைக் குலுக்கவில்லை.

மேடையில் ஒருவன் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான்.

சத்தமே இல்லை. கைகள் ஏறி இறங்கின. கால் மிதித்தது, தலை ஆடியது. ஒரு சின்னத் தட்டுக்கூடக் கேட்கவில்லை. டிரம்ஸின் மேல் ஈரத்துண்டுகள் விரித்திருந்தன. குச்சி இல்லை, வெறும் விரல். சூரியனே படாமல் வெளுத்துப்போன முகம். சிலுவை போடக் கை எழவில்லை.

அவன் கண்ணைத் திறந்தான்.

"மறுபடியும் என் ஸ்டூலை ஏத்திட்டியா?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் வந்து என் தோளைத் தொட்டான். கை சூடாக இருந்தது. அப்போதுதான் அழுதேன்.

பட்டாளத்தைவிட்டு ஓடி வந்திருந்தான். சவரி அண்ணன் மேடைக் கூரைப் பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கில் அவனை வைத்திருந்தார். யாராவது வந்தால் சாவிக்கொத்துக் குலுங்கும், அவன் ஏணியில் ஏறிவிடுவான். பிடிபட்டால், துப்பாக்கிகூடக் கொடுக்காமல் போர்முனையில் மூட்டை சுமக்க அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்புவது அபூர்வம்.

"நானும் சொல்தாதான் தம்பி. செத்தவங்கள தூக்கியாந்த தோளு இது. உயிரோட ஒருத்தன தூக்கி வெச்சிக்கினா இன்னா தப்பு?" என்றார் சவரி அண்ணன் பிற்பாடு.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று ஹுங்கிடம் கேட்டேன்.

"தெரியக்கூடாது. வட்டாரப் போலீஸ் வாரா வாரம் வீட்டுக்குப் போய் அவங்க முகத்தைப் பார்க்குது. அவங்க நிஜமா அழுதாத்தான் நான் நிஜமா செத்தவன். அவங்களுக்கு நடிக்கத் தெரியாது."

நான் மெதுவாக அந்த இசைத்துண்டைப் பற்றிச் சொன்னேன். அவன் வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. வானொலி நிலையத்துக்கு ஓடினேன். அன்று காலையே ஒலிபரப்பாகிவிட்டிருந்தது.

பா தாம் வந்தார்

ஞாயிறு ஒரு மணிக்கு ஹுங்கின் அம்மா வந்து நின்றார். எல்லோரும் அவரை பா தாம் என்போம். சைகோன் பக்கம் பிறந்த வரிசை எண்ணே பெயராகிவிடும், தாம் என்றால் எட்டு, பா என்பது மரியாதைக்கு. பென் தானில் வாழையிலையில் மடித்த ஒட்டரிசிச் சோறு விற்பவர். ஒடிசலான உருவம். தலையில் துக்கத்தின் வெள்ளைத் துணி.

மண்டபம் அன்று காலியாக இல்லை. வட்டாரப் போலீஸ்காரர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து ஓசிக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"கோன்," என்றார் பா தாம். பிள்ளையே என்று அர்த்தம். "வெள்ளிக்கிழமை உங்க மாரியம்மன் கோயில் சுவத்துக் கல்லுல நெத்திய வச்சுக் கேட்டேன், எம் புள்ள இருக்கானா இல்லையான்னு. திரும்பி வந்து கூடையக்கூடத் திறக்கல, பக்கத்துக் கடை ரேடியோல அவன் தட்டுறான். எங்கே அவன்?"

சைகோன்காரர்கள் தமிழர்கள் கட்டிய அந்தக் கோயில் கல்லில் நெற்றியை அழுத்தித்தான் வேண்டிக்கொள்வார்கள். நான் வேதக்காரன், அங்கே வாசலோடு நின்றவன். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தலைக்கு மேல் பலகைக்குப் பின்னால் அவர் மகன் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறான். மூலையில் காபிக் கோப்பை அசையாமல் நிற்கிறது.

"அது நான் பா தாம். அவன்கிட்டக் கத்துக்கிட்டது. அவன்... இனி வரமாட்டான்."

என் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் இன்றும் என்னால் மறக்க முடியாதது அது ஒன்றுதான்.

"தட்டிக் காட்டு."

தட்டினேன். டக், டக், டக். நாலாவது இடத்தில் அவர் மேலே பார்க்கவில்லை. குனிந்து, ஏதோ தடுமாறியவர்போல ஸ்டூலில் கையை ஊன்றினார். சவரி அண்ணன் அன்று சாவியைக் குலுக்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஸ்டூலில் நான் இன்னும் உட்காரவில்லை.

கை அங்கேயே நின்றது. உள்ளங்கை முழுவதும் பதித்தார். பிறகு தரையில் விழுந்து அழத் தொடங்கினார். மண்டபமே அதிர்ந்த அழுகை. போலீஸ்காரர் எழுந்து வந்து அவரைத் தூக்கினார்.

"எம் புள்ளையோட ஆவி இங்கதான் சுத்துது ஐயா. வாராவாரம் ஒரு பிடி சோறு வச்சிட்டுப் போக விடுங்க."

"வச்சுட்டுப் போங்கம்மா. யார் தடுக்கப் போறாங்க?" என்றார் அவர். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. நடிக்கத் தெரியாது என்று மகன் சொன்ன அம்மா!

படையல்

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் ஒரு மணிக்கு வருவார். ஸ்டூலில் உள்ளங்கையை வைப்பார். வாழையிலைப் பொட்டலத்தை அதன்மேல் வைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போய்விடுவார். ஒட்டரிசிச் சோறு, மேலே எள்ளும் உப்பும் கடலையும் இடித்த பொடி. சவரி அண்ணன் கதவைத் தாழிட்டதும் ஆவி ஏணியில் இறங்கி வந்து வயிறாரச் சாப்பிடும். இலையைச் சுருட்டி, கட்டியிருந்த நூலாலேயே திரும்பக் கட்டி, ஸ்டூலுக்குக் கீழே வைக்கும். அடுத்த ஞாயிறு பா தாம் அதை எடுத்துப் போவார்.

"ஒரு தடவை பார்த்துட்டுப் போங்களேன்" என்று ஒருநாள் காதோடு சொன்னேன்.

"வேண்டாம் கோன். பார்த்தா முகத்துல தெரிஞ்சுடும்."

வெயில் காலம் முழுக்க இப்படியே போனது. பிறகு ஒரு சனிக்கிழமை ராணுவப் போலீஸ் அந்தத் தெருவின் கூரைகளைச் சோதனை போட்டது. ஞாயிறு நண்பகலில் நானும் சவரி அண்ணனும் ஏணியில் ஏறிப் பார்த்தோம். பாய் இருந்தது, தண்ணீர்ப் புட்டி இருந்தது. இரண்டு ஓடுகள் விலகி, வானம் தெரிந்தது. ஹுங் இல்லை. பிடித்ததாகவும் தகவல் இல்லை, தப்பியதாகவும் தகவல் இல்லை.

"இன்னும் ஒரு மணி நேரத்துல அந்தம்மா வந்துடும். நீ சொல்லு" என்றார் சவரி அண்ணன்.

"நீங்க சொல்லுங்கண்ணே."

பிறகு நான் மேடையேறினேன். ஸ்டூலை இரண்டு சுற்று இறக்கினேன். உட்கார்ந்தேன். முழங்கால் மார்பில் இடிக்க, அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சாவி குலுங்கியதும் எழுந்துகொண்டேன்.

பா தாம் கையை வைத்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார்.

சாப்பிடாமல் விட்டால் அடுத்த வாரம் தெரிந்துவிடும். நான்தான் சாப்பிட்டேன். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் அதையேதான் நினைத்தேன். ஒன்றரை வருடம் அந்த ஸ்டூலைச் சூடாக்கினேன், அந்தச் சோற்றைத் தின்றேன். முதலில் கடனே என்று விழுங்கினேன். போகப்போக, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ருசித்துச் சாப்பிட்டேன். பொடி நல்ல உறைப்பு.

ஒரே ஒரு ஞாயிறு எனக்குத் தாமதமாகிவிட்டது. பாலத்தை அடைத்துவிட்டார்கள். வேர்த்து விறுவிறுத்து ஓடி வருகிறேன், பா தாம் ஏற்கெனவே மேடையில் நிற்கிறார். கை ஸ்டூலின் மேல் இருக்கிறது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டுப் பொட்டலத்தை வைத்தார்.

அவர் போனபின் பொட்டலத்தை நகர்த்தி நானும் கை வைத்தேன். சூடாக இருந்தது.

"நீங்க உக்காந்தீங்களாண்ணே?"

"வேளாங்கண்ணி மாதா சத்தியமா இல்ல. இப்பத்தான் பூட்டத் தொறந்தேன்."

உடை மாற்றி வருவதற்குள் பொட்டலத்தைக் காணவில்லை. சவரி அண்ணன் எடுத்துச் சாப்பிட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். அவரிடம் கேட்கவும் இல்லை. உண்மையில் கேட்கப் பயம்.

கடைசிப் பொட்டலம்

ஊர் நிலைமை மோசமாகிக்கொண்டே வந்தது. அப்பா காரைக்காலுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவெடுத்தார். கடைசி ஞாயிறு பா தாமிடம் அதைச் சொன்னேன். அவர் பொட்டலத்தை ஸ்டூலில் வைக்கவில்லை. என் கையில் வைத்தார்.

"உட்காரு. என் கண் முன்னாடி சாப்பிடு."

பிரித்தேன். சாப்பிட்டேன்.

"காரம் போதுமா?"

"போதும் பா தாம்."

"ஹுங்குக்கு மிளகாய் ஆகாது."

வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது. கூரைச் சோதனை நடந்து இரண்டாவது ஞாயிறே ஸ்டூலுக்குக் கீழே இலை பாதியாக மடித்துக் கிடந்ததாம். கோயில் பக்கம் அவரிடம் சோறு வாங்கும் எங்கள் ஆட்கள்தான் சாப்பிட்டதும் இலையை அப்படித் தங்கள் பக்கமாக மடிப்பார்கள். நான் நினைத்தா மடித்தேன்? பழக்கதோஷம். அன்றிலிருந்து பொடியில் மிளகாய் சேர்த்திருக்கிறார். உறைப்பைப் பற்றி ஒரு தமிழனுக்குச் சந்தேகம் வருமா என்ன!

"தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?" அழுதுகொண்டே கேட்டேன்.

அவர் அழவில்லை. மடியில் இருந்து ஒரு காய்ந்த பொட்டலத்தை எடுத்தார். பழைய வாழையிலை. சுருட்டி, நூலால் கட்டியிருந்தது.

"நீ லேட்டா வந்தியே ஒரு வாரம். அதுக்கடுத்த ஞாயிறு இதுதான் ஸ்டூலுக்குக் கீழ இருந்துச்சு. பிரிச்சுப் பார்த்தேன். சோறு ஒரு பருக்கை இல்ல. பொடி மட்டும் அப்படியே ஓரமா ஒதுக்கியிருந்துச்சு."

நான் அந்த நூலைத் தொட்டுப் பார்த்தேன்.

"வந்தது உசுரோடவா, உசுரு இல்லாமலான்னு நான் கேக்கல கோன். பசியோட வந்திருக்கான். அதனாலதான் வர்றேன்."

பலகைக்குப் பின்னால் சத்தம் ஏதும் இல்லை. அவர் படியிறங்கிப் போனார். நான் குச்சிகளைப் பையில் போட்டேன். ஸ்டூலை இரண்டு சுற்று இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.